பூனைக்கு பேன்க்ரியாடைட்டிஸ் (கணைய வீக்கம்), சாப்பிடவே மாட்டேங்குது

தண்டையார்பேட்டை சிண்டு:
எங்க சிண்டுவுக்கு ஒன்பது வயசு, வாந்தி எடுத்துட்டு கட்டில் அடியிலயே குந்திக்கினு இருந்துச்சு, ரத்தம் ஸ்கேன் எல்லாம் பாத்து பேன்க்ரியாடைட்டிஸ்னு சொல்லி ட்ரிப்ஸ் போட்டு அனுப்பிட்டாங்க. காசிமேட்டு மீன் கூடைய பாத்தாலே ஓடி வரும், இப்போ தட்டை மோந்துட்டு உதட்டை நக்கிட்டு மூஞ்சிய திருப்பிக்குது. வயிறு ரெஸ்ட் எடுக்கட்டும்னு பட்டினி போடலாமா?

ராயபுரம் மீசை:
அக்கா பட்டினி வேணவே வேணாம். பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னாலே உடம்புல இருக்குற கொழுப்பு கல்லீரல்ல போய் சேர ஆரம்பிச்சிடும், அது உயிருக்கே ஆபத்து. உதட்டை நக்குறது குமட்டல் தான், வாந்தி நின்னாலும் அது இருக்கும். குமட்டலுக்கான மருந்து மாரோபிடன்ட் குடுத்தாங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, வலிக்கு மருந்தும் கேளுங்க, பூனை வலின்னா கத்தாது, ஒளிஞ்சிக்கும். ஆனா வீட்ல இருக்குற பாராசிட்டமால் மட்டும் துளி கூட குடுத்துடாதீங்க, செத்துடும்.

வியாசர்பாடி:
நாய்க்கு மாதிரி சாப்பாட்டுல கொழுப்பை கண்டிப்பா குறைக்கணும்னு இல்ல, எது உள்ள போகுதோ அதை லேசா சூடு பண்ணி கொஞ்சம் கொஞ்சமா வைங்க. வாய தொறந்து திணிக்காதீங்க, புரை ஏறிடும், அப்புறம் அந்த சாப்பாட்டையே வெறுத்துடும். டாக்டர் சாப்பாடு குடுக்க ட்யூப் வைக்கலாம்னு சொன்னா பயப்படாதீங்க, நெறைய பூனை அதுல தான் தேறுது. ரத்தத்துல வைட்டமின் பி12 அளவும் பாக்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை சிண்டு:
ரொம்ப தேங்க்ஸ் பா. காலைல வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கே தூக்கினு போறேன்.

ராயபுரம் மீசை:
போங்க அக்கா. காது உள்பக்கம், ஈறு மஞ்சளா தெரிஞ்சா காலை வரைக்கும் கூட வெயிட் பண்ணாதீங்க.