பால்மரம் இல்லாத தோட்டத்தில் பால்மரம் வெட்டும் காட்சி எடுக்கலாமா?

தோட்டத்து மலர்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். பால்மரம் வெட்டியவர்களில், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்களில், இன்று இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களைப் பற்றி நாங்கள் சிலர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அருகில் ஒருவருடைய சிறுதோட்டத்தில் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. எங்கள் லயத்துப் பாட்டி ஒருவரை விடியும் முன் அங்கே அழைத்துப்போய், தலைவிளக்கும் உளியும் கொடுத்து, அந்தக் காலத்தில் வெட்டியபடியே வெட்டச் சொல்லிப் படம் பிடிக்க நினைக்கிறேன். குழுவில் ஒருவர் ஒப்பவில்லை. ஆவணப்படத்தில் இப்படிச் செய்யலாமா?

முகிலன்:
ஒப்பாதவன் நான்தான் அக்கா. காரணத்தை எல்லார் முன்னும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ஆட்களை நிறுத்தி வைத்து எடுப்பதற்கு நியாயம் இருந்தது. கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் அவ்வளவு கனம். தோளில் தாங்கும் 16 மி.மீ. கேமராவும் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியும் வந்தபின் அந்த நியாயம் போய்விட்டது. 1960இல் ராபர்ட் ட்ரூவின் குழு, அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வுக்காக விஸ்கான்சினில் கென்னடியும் ஹம்ப்ரியும் வாக்குக் கேட்டு அலைந்ததைக் கூடவே நடந்து எடுத்தது. 'பிரைமரி' என்ற அந்தப் படத்திலிருந்துதான் அமெரிக்காவில், எதையும் ஏற்பாடு செய்யாமல் நடப்பதை நடந்தபடியே எடுக்கும் நேரடி சினிமா வேர்விட்டது. 1967இல் தொடங்கிய ஃபிரெடரிக் வைஸ்மன், மருத்துவமனை, பள்ளி, நலத்துறை அலுவலகம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னணிக் குரலும் பேட்டியும் இல்லாமலே படமெடுத்தார்.

பாட்டி இன்று என்ன செய்கிறார்? செம்பனை ஓரத்தில் கீரை பறிக்கிறார், பேரனின் பள்ளி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். அதை எடுப்போம். இல்லாத வேலையை இருப்பதுபோல் காட்டினால், அந்த வேலை அவரிடமிருந்து பறிபோனது திரையில் தெரியாமலே போய்விடும்.

பெரட்டுக்களம்:
தம்பி, ஆட்களைச் சொல்லி வைத்து எடுப்பது ஆவணப்படத்துக்கு இடையில் வந்த நோயல்ல. 1895இல் லூமியர் சகோதரர்கள் தங்கள் ஆலைத் தொழிலாளர்கள் வெளியேறுவதை எடுத்தார்களே, அதற்கே மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. அந்த மக்கள் கேமராவுக்காக மறுபடியும் வெளியே வந்து காட்டியிருக்கிறார்கள்.

1922இல் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, கனடாவின் வடக்குப் பனிநிலத்து இனுயிட் மக்களைப் பற்றி 'நானூக் ஆஃப் தி நார்த்' எடுத்தார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் பாதி வீடு மட்டும் கட்டி, திறந்த பக்கத்திலிருந்து எடுத்தார். நானூக்காக வந்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். இனுயிட் மக்களிடம் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது. படத்தில் ஈட்டியால் வேட்டையாடுகிறார்கள். ஆனாலும் உலகம் அதை ஆவணப்படத்தின் முன்னோடி என்றுதான் போற்றுகிறது.

வைஸ்மனும் பல மணி நேரம் எடுத்ததில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தவர்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தபோதே அவர் கை அதில் பட்டுவிட்டது.

முகிலன்:
ஐயா, நீங்கள் எடுத்த உதாரணமே என் பக்கம் பேசுகிறது. துப்பாக்கியை மறைத்ததுதான் அந்தப் படத்தின் பெருங்குறை. அதே ஃபிளாஹெர்ட்டி 1934இல் அயர்லாந்தின் ஆரன் தீவுக்குப் போய், அங்கே எப்போதோ நின்றுபோன சுறா வேட்டையைத் தீவு மக்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்து எடுத்தார். திரையில் குடும்பமாக வருபவர்கள் ஒரே குடும்பத்தினரும் அல்லர். பார்த்தவர்கள் அதுதான் தீவின் அன்றாட வாழ்க்கை என்று நம்பினார்கள். நம் பாட்டியையும் அப்படி ஆக்க வேண்டுமா?

பெரட்டுக்களம்:
அந்தத் தீவு மக்கள் செய்யாததைக் கற்றுக்கொண்டு செய்தார்கள். பாட்டிக்கு யார் கற்றுத்தர வேண்டும்? எந்தக் கோணத்தில் உளியைச் சாய்த்தால் பட்டை மட்டும் சீவுப்படும், மரம் காயப்படாது என்பது அவர் மணிக்கட்டில் இருக்கிறது. பேட்டியில் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டால் அது வாய்க்கு வராது. நான் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்ற தலைமுறை, அறிந்து சொல்கிறேன்.

ஈப்போ வாசகி:
இருவரும் காட்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். பணம் யாருடையது, குரல் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 1935இல் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்தில் லண்டன் சேரி மக்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் வீட்டு எலிகளையும் ஒழுகும் சுவர்களையும் பற்றித் தாங்களே பேசினார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் பணம் கொடுத்தது எரிவாயுத் தொழில். புதிய வீடுகள் வந்தால் எரிவாயு அடுப்பும் விற்கும்.

நம் நாட்டில் 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவை நினைத்துப் பாருங்கள். 1948இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தபின், அரசு சொல்ல விரும்பியதை மக்களிடம் கொண்டுபோனது அந்தப் பிரிவு. மேலிருந்து ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகும் பாணி அது. அந்தப் பாணி மட்டும் உங்கள் படத்தில் வேண்டாம், மலர். பாட்டியின் பேச்சு போதும்.

தோட்டத்து மலர்:
பின்னணிக் குரல் இல்லை, அக்கா. தோட்ட நிர்வாகத்தின் பணமும் இல்லை.

பெரட்டுக்களம்:
முகிலன் தம்பிக்கு இன்னொன்று. குளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். நாஜி வதை முகாம்களைப் பற்றிய அந்தப் படத்தில் பழைய காட்சித்துண்டு ஒன்றுகூட இல்லை. ட்ரெப்ளிங்காவில் சாகப்போகும் பெண்களுக்கு முடிவெட்ட வைக்கப்பட்ட ஆபிரகாம் போம்பாவைத் தேடிப் பிடித்து, வாடகைக்கு ஒரு முடிதிருத்தும் கடை எடுத்து, கையில் கத்தரியைக் கொடுத்துப் பேச வைத்தார். அப்போது அவர் அந்தத் தொழிலை விட்டிருந்தார். கத்தரி ஓட ஓடத்தான் நினைவு வந்தது. மலர் கேட்பதும் இதைத்தானே? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்களின் கதையைக் கைகளும் வாய்களும் தவிர வேறு எது வைத்திருக்கிறது?

முகிலன்:
அந்தக் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன், ஐயா. போம்பா உடைந்துபோய், முடியாது, விட்டுவிடுங்கள் என்று கேட்கிறார். லான்ஸ்மன் விடவில்லை, கேமராவும் நிற்கவில்லை. பாட்டிக்கு அந்த மரத்தடியில் இறந்துபோன தாத்தா நினைவுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? கேமராவை நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதித் தர யாராவது தயாரா?

தோட்டத்து மலர்:
நான் தயார். 1960 கோடையில் ஜான் ரூஷும் எட்கர் மோரனும் பாரிஸ் வீதிகளில், நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மக்களைக் கேட்டு எடுத்தார்கள். கடைசியில் எடுத்ததைப் பங்கேற்றவர்களுக்கே போட்டுக்காட்டி, அவர்கள் ஏசியதையும் பாராட்டியதையும் படத்திலேயே சேர்த்தார்கள். நானும் அப்படிச் செய்வேன். முதலில் என் குரல் பாட்டியை வெட்டச் சொல்வது கேட்கும். அடுத்து அந்த மரங்கள் எங்கள் தோட்டத்து மரங்கள் அல்ல என்று அவரே சொல்வார். பிறகு கோயில் மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவோம். பாட்டி வேண்டாம் என்றால் காட்சியை எடுத்துவிடுவேன்.

நேற்று அவரிடமே கேட்டுவிட்டேன். மரத்துக்காரர் சம்மதித்தாரா, பட்டை வெட்டுக்கு ஆகுமா, கூலி எவ்வளவு என்று கேட்டார்.

முகிலன்:
கூலி வாங்கிக்கொண்டு செய்தால் அது நடிப்புதான், அக்கா.

பெரட்டுக்களம்:
வாழ்நாள் முழுதும் குறைந்த கூலிக்கு வெட்டியவரிடம் இப்போது கலைக்காக இலவசமாக வெட்டச் சொல்வதா? கொடுத்தே ஆகவேண்டும். தொகையைத் திரையிலும் போடுங்கள்.

முகிலன்:
கொடுங்கள், அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அந்தக் காட்சிக்கு நான் கேமரா பிடிக்க மாட்டேன். மறுநாள் பாட்டி செம்பனைக்குள் நடந்துபோவதை எடுக்க வருகிறேன். அதற்கு ஆறரை மணி வெளிச்சம் வேண்டும்.