மணமுறிவுக்குப் பின் உயில்: எங்கள் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு மகள்:
தீர்ப்பு வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அப்பாவின் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்ற அந்தப் பெரியவரின் முகம் மனத்தைவிட்டு அகலவில்லை. மணமுறிவுக்குப் பின் அப்பா என்னோடுதான் இருந்தார். வீட்டை எனக்கும் வைப்புத்தொகையைத் தம்பிக்கும் எழுதிவைத்தார். தம்பி பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தான். “அவர் கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்தீர்களா?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டதும், பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “அவர் பேரன் வந்து தாளைக் கொடுத்தான், போட்டுக் கொடுத்தேன்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். இன்னொரு சாட்சி ஏற்கெனவே காலமாகிவிட்டார். உயில் விழுந்தது. பங்குக்கு உரிய அப்பாவின் அம்மாவும் உயிரோடு இல்லாததால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எங்கள் இருவருக்கும் சரிபாதி.

கோவையிலிருந்து ஒரு தந்தை:
உயிலைப் பதிவு செய்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்பது என் எண்ணம். என் கதை வேறு. இல்லறம் நன்றாக இருந்த காலத்தில் வீட்டை மனைவிக்கு எழுதிப் பதிவும் செய்திருந்தேன். பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்த பிறகு, வழக்கறிஞர் அந்த உயிலைப் புரட்டி, முன்னாள் மனைவியின் பெயர் இருந்த வரியில் பேனாவை வைத்து, “இது இன்றைக்கும் செல்லும்” என்றார். மணமுறிவால் அவர் வாரிசு என்ற நிலையை இழந்தாலும், உயில் தானாக ரத்தாவதில்லையாம். புதிய உயிலின் முதல் பத்தியில் பழையதன் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ரத்து செய்வதை அவர் வாசித்துக் காட்டியபோது, உடனிருந்த மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கு அது அம்மாவைப் பற்றிய பத்தி.

சென்னையிலிருந்து ஒரு தாய்:
கோவை நண்பர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் சாட்சியக் குறை தீர்ந்துவிடாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. என் அனுபவம் சிறியது: சார்பதிவாளர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, “யாராவது வற்புறுத்தினார்களா அம்மா?” என்று கேட்டார், இல்லை என்றேன், அவ்வளவுதான். ஆனால் எழுதப்போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உங்களைவிட வயதில் இளைய, சொத்தில் பங்கு பெறாத சாட்சிகளாகப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள். காரணம் இல்லாத உயிலைத்தான் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். வங்கியில் முன்னாள் துணைவரின் பெயர் நியமனதாரராக இருந்தால் உடனே மாற்றுங்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, உரிமையாளர் அல்லர் என்றாலும், அவரிடமிருந்து திரும்பப் பெறுவதற்குப் பிள்ளைகள் ஏன் அலைய வேண்டும்? மருத்துவரிடம் மனநிலைச் சான்றும் வாங்கி வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து மீண்டும்:
மருத்துவச் சான்று எங்களிடம் இருந்தது அம்மா. அப்பா தெளிவாக இருந்தார் என்பதைத் தம்பியும் மறுக்கவில்லை.