கொக்கோ பவுடர் மாத்தினதுல இருந்து கேக் அமுங்குது, வழி சொல்லுங்க

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், நான் கிருஷ்ணகிரில வீட்டுலயே ஆர்டருக்கு சாக்லேட் கேக் பண்றேன். போன மாசம் வரைக்கும் நல்லா வந்துட்டு இருந்த கேக், கடைல பழைய கொக்கோ இல்லனு வேற பாக்கெட் வாங்கினதுல இருந்து ஓவன்ல லேசா உப்பி வெளிய எடுத்ததும் நடுவுல அமுங்கிடுது, சாப்பிட்டா நாக்குல சோப்பு மாதிரி ஒரு ருசி வேற நிக்குது.

அளவு: மைதா ஒன்றரை கப், கொக்கோ அரை கப், பேக்கிங் சோடா 1 டீஸ்பூன், பால், எண்ணெய், சர்க்கரை. பேக்கிங் பவுடர் கிடையாது, முட்டையும் இல்ல. ஓடிஜில 170 டிகிரி.

சோடாவுல வினிகர் விட்டு பாத்தேன், நல்லா பொங்குது. புது மைதா, சூடு குறைச்சு கூட்டி எல்லாம் பாத்தாச்சு. சோடாவ பாதியாக்கினா சோப்பு ருசி போயிடுது, ஆனா கேக் கல்லு.

பழைய கொக்கோ வெளிர் பிரவுன், லேசா புளிப்பு வாசனை. புதுசு நல்லா கருஞ்சிவப்பு, வாசனை மென்மையா இருக்கு, பாக்கெட்ல 501னு போட்டிருக்கு. அந்த சேர்க்கை நம்பர் பொட்டாசியம் கார்பனேட்ங்கிற ஆல்கலி, அப்போ இது ஆல்கலி சேர்த்து புளிப்ப எடுத்த டச் ப்ராசஸ் கொக்கோ. புளிப்பு போயிட்டதால சோடாவுக்கு வேலை செய்ய ஆசிட் கிடைக்கலனு புரியுது. புளிப்புள்ள நேச்சுரல் கொக்கோ இங்க கடைங்கள்ல கிடைக்கல, ஞாயித்துக்கிழமை ஒரு குழந்தையோட பிறந்தநாள் கேக் குடுக்கணும், ஆன்லைன்ல போட்டா அதுக்குள்ள வராது.

இந்த டச் கொக்கோவ வெச்சே பண்ண, மேல சொன்ன அளவுக்கு சோடாவ எடுத்துட்டு பேக்கிங் பவுடர் எவ்ளோ போடணும், இல்ல சோடாவ வெச்சுக்கிட்டு பாலுக்கு பதிலா தயிர் ஊத்தறதா, எது சரியா வரும்?