புதுப்பிப்பு: நள்ளிரவுப் பொய் அலாரம், காரணம் சிக்கியது

நள்ளிரவில் காரணமே இல்லாமல் வீட்டுத் திருட்டு அலாரம் அலறுகிறது, பேனலில் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) எப்போதும் பின்கதவு ஸோன்தான் (அந்தக் கதவு சென்சாரின் வயர் இணைப்பு) காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பேட்டரி, கதவு திறப்பதை உணரும் காந்த சென்சார் இரண்டையும் மாற்றினேன். தண்டச் செலவு.

அப்புறம் அந்த ஸோனின் இரு வயர்களையும் பேனலில் கழற்றி மல்டிமீட்டர் வைத்து மின்தடையை அளந்தேன். கதவு மூடியிருந்தால், வயரின் கடைசியில் உள்ள 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டரின் அளவே ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். கதவு நிலையைத் தட்டினால் 9, 12 கிலோ ஓம் என்று துள்ளியது! பேனலுக்கு அது கதவு திறந்த மாதிரிதான். நிலைக்கு மேலே, வயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றிய ஓர் இணைப்பு. பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. வெட்டி, புதிதாகச் சீவி, சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டேன். இப்போது எவ்வளவு தட்டினாலும் 5.6தான். பத்து இரவாகச் சத்தமில்லை.

சென்சாரைச் சந்தேகிக்கும் முன் இணைப்புகளை ஆட்டிப் பாருங்கள்.