ஆடு புலி ஆட்டம்: உங்க ஊர் விதிகள் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஆடு புலி ஆட்டத்தைக் கணினியோட விளையாடற மாதிரி ஒரு நிரல் எழுதிட்டிருக்கேன். பலகை சுலபமா வந்துடுச்சு: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. எல்லா ஆட்டையும் வெச்சு முடிக்கிற வரைக்கும் எந்த ஆடும் நகரக்கூடாது. பக்கத்துப் புள்ளியில இருக்கிற ஆட்டைத் தாண்டி, அதே கோட்டுல காலியா இருக்கிற புள்ளிக்குப் புலி போனா ஆடு வெட்டுப்பட்டுடும்.

சிக்கல் இதுக்கு மேலதான். ஒரே முறையில ரெண்டு ஆட்டை அடுத்தடுத்து தாண்டலாமா? வாய்ப்பு இருந்தா புலி வெட்டியே ஆகணுமா? எத்தனை ஆடு போனா புலிக்கு ஜெயம்? காயை முன்னும் பின்னும் நகர்த்தி இழுத்தடிச்சா உங்க வீட்டுப் பெரியவங்க என்ன சொல்வாங்க? திண்ணையில இதெல்லாம் பேசித் தீர்ந்துடும், கணினிக்கு முன்கூட்டியே சொல்லியாகணும்.

நேபாளத்துல இதே மாதிரி ஆடற பாக்சால் ஆட்டத்துல 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அஞ்சு ஆட்டை வெட்டினா புலி ஜெயிச்சாச்சு. செக்கர்ஸ்ங்கிற பலகை ஆட்டத்தை கனடாவோட ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல ஜொனாதன் ஷேஃபர் குழு கணினியால அலசி, ரெண்டு பக்கமும் பிசகாம ஆடினா டிராதான்னு 2007-ல நிரூபிச்சாங்க. நம்ம ஆட்டத்தையும் அப்படிப் பார்த்துடணும்னு ரொம்ப ஆசை. ஆனா ஒரு விதி மாறினாலே விடையும் மாறிடலாம்.

தாத்தா பாட்டிகிட்ட கேட்டு, ஊர் பேரோட எழுதுங்க. கோயில் மண்டபத் தரையில செதுக்கின கட்டம் கண்ணுல பட்டா நேர் மேலேருந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, கோடுங்க எங்கெங்க சேருதுன்னு தெரியணும். ஆந்திரா பக்கம் இதே மாதிரி புலிஜூதம்ங்கிற ஆட்டம் ஆடினவங்களும் சொல்லுங்க.