மெரோபெனம் போகும்போது புரோபயாட்டிக் சாஷே கொடுக்கலாமா?

இரவுப்பணி:
வென்டிலேட்டர் நோயாளி. மெரோபெனம், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் போகின்றன. நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழி இரைப்பைக் குழாய்) வழியே புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல கிருமிகள்) கொடுத்தால் குடல் பாக்டீரியா மீளுமா?

ஐசியு மருத்துவர்:
சாஷே இருக்கட்டும் சிஸ்டர், முதலில் டிரக் சார்ட்டைப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களை மெரோபெனமே கொன்றுவிடும். கூடவே மெட்ரோனிடசோல் எதற்கு? பெருங்குடலில் பெரும்பான்மை அந்தப் பாக்டீரியாக்கள்தான். பித்த அமிலங்களை மாற்றி, சி. டிஃப் (ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் பேதி உண்டாக்கும் கிருமி) முளைத்துப் பெருகாமல் தடுப்பதும் அவைதான். அவை அழிந்தால் என்டெரோகாக்கஸ், கிளெப்சியெல்லா, கேண்டிடா போன்ற கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

24 மணி நேரத்தில் 3 தடவையோ அதற்கு மேலோ போனால் சி. டிஃப் டெஸ்ட் அனுப்புங்கள். அதற்கு முன் மலமிளக்கி லாக்டுலோஸ் எழுதியிருக்கிறதா, டியூபில் விடும் சிரப்புகளில் பேதியாக்கும் இனிப்பான சார்பிட்டால் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

சி. டிஃப் உறுதியானால் வான்கோமைசின் 125 மி.கி., 6 மணிக்கொரு முறை, 10 நாள், டியூப் வழியே. நரம்பில் போட்டால் குடலுக்குள் போதுமான அளவு வராது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பிரஷர் இறங்கினாலோ குடல் அசைவு நின்றாலோ டோஸ் 500 மி.கி. அப்போதுதான் நரம்பு வழி மெட்ரோனிடசோல் 500 மி.கி., 8 மணிக்கொரு முறை சேர்க்க வேண்டும். குடல் அசையாவிட்டால் 100 மி.லி. சலைனில் 500 மி.கி. வான்கோமைசின் எனிமாவும் 6 மணிக்கொரு முறை.

மருந்தாளுநர்:
புரோபயாட்டிக் வேண்டாம். 2021இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில் வென்டிலேட்டர் நோயாளிகள் 2,650 பேர். லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற புரோபயாட்டிக் கொடுத்தும் வென்டிலேட்டர் நிமோனியா குறையவில்லை, சி. டிஃப்பும் குறையவில்லை. மாறாக, ரத்தம் போல கிருமியே இருக்கக் கூடாத இடத்திலோ மற்ற மாதிரிகளில் முதன்மைக் கிருமியாகவோ அதே பாக்டீரியா 15 பேரிடம் வளர்ந்தது. மருந்தில்லாப் பொடி பெற்றவர்களில் ஒருவரிடம் மட்டும். பூலார்டி ஈஸ்ட் சாஷே இன்னும் ஆபத்து. பிரிக்கும்போது பறக்கும் பொடி கையுறையில் ஒட்டி, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாய்) வழியே ரத்தத்துக்குள் போய்விடலாம்.

இரவுப்பணி:
பான்டோபிரசோலை நிறுத்தலாமா?

ஐசியு மருத்துவர்:
வென்டிலேட்டரில் இருக்கும்வரை இரைப்பை ரத்தக்கசிவைத் தடுக்க அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அமிலம் குறைந்து பிஹெச் 4ஐத் தாண்டினால் இரைப்பையிலேயே பாக்டீரியா பெருகும். வென்டிலேட்டர் டியூப் எடுத்த பிறகும் வார்டு வரை அது தொடர்ந்து போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எடுத்த அன்றே, வேறு காரணம் இல்லையென்றால், நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் மெரோபெனத்தை, குறைந்த வகைக் கிருமிகளை மட்டும் கொல்லும் மருந்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். சி. டிஃப் ஸ்போர் (கடின உறை கொண்ட வித்து) ஆல்கஹால் ஜெல்லுக்குச் சாகாது; கையைச் சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும்.