பிறீசீசன் குவாட்டர்பேக்கை நம்பலாமோ?

கிளிநொச்சிப் பெடியன்:
கனடா மச்சானால அமெரிக்கன் புட்போல் பைத்தியம் பிடிச்சிட்டுது, விடிய நாலரைக்கு எழும்பிப் போனில பாக்கிறன், அம்மா வயலுக்குப் போகத்தான் எழும்பிறன் எண்டு நினைக்கிறா 😄 இப்ப நடக்கிற பிறீசீசனில, அதுதான் சீசனுக்கு முந்தின பயிற்சி மட்சுகளில, எங்கட டீமில புதுக் குவாட்டர்பேக் (பந்தை எறியிற ஆள்) பெடியன் ஒருத்தன் அந்தமாதிரி எறியிறான், ஏன் இன்னும் பழைய ஆளையே வைச்சிருக்கினம்?

ரெண்டாம்வாய்க்கால்:
தம்பி அவசரப்படாத. அவனுக்கு எதிரா நிண்டதில பாதிப்பேர் வேலை கிடைக்குமோ எண்டு தெரியாத ஆக்கள், டீமில இப்ப இருக்கிற 90 பேரில கடைசியா 53 பேர்தான் மிஞ்சுவினம். டிபென்சும் (மறிக்கிற பக்கம்) தன்ர சூட்சுமம் ஒண்டையும் இப்ப காட்டாது. எறியிற தூரத்தை விடு, பந்தை வாங்கவேண்டிய முதல் ஆளை மறிச்சா என்ன செய்யிறான் எண்டு பார். கால் பதறாமல் நிண்டு ரெண்டாவது ஆளைத் தேடுறானோ, இல்லாட்டி உடன ஓடுறானோ? அங்கதான் ஆள் பிடிபடும்.

முல்லைக்காரன்:
அப்ப டலஸ் குவாட்டர்பேக் டக் பிரெஸ்கொட்? 2016 டிராப்டில (டீமுகள் புது ஆக்களை வரிசையா எடுக்கிறது) 135வது ஆள். பிறீசீசனில கலக்கினவன், சீசனிலயும் டலஸ் 13 வெற்றி, 3 தோல்வி.

ரெண்டாம்வாய்க்கால்:
அது டலஸின்ர பழைய குவாட்டர்பேக் ரோமோ முதுகில அடிபட்டதால வந்த இடமெல்லோ! சன்பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் புரொக் பேர்டியும் அப்பிடித்தான், 2022 டிராப்டில 262வது, கடைசி ஆள், முன்னால நிண்ட ரெண்டுபேரும் காயப்பட்டாப் பிறகுதான் இறங்கினவன்.

கிளிநொச்சிப் பெடியன்:
சரி அண்ணை, காலைப் பாக்கிறன். நேற்று நாலாம் குவாட்டரில டேட்டா முடிஞ்சிட்டுது 😭